கொலாரெஸ் ஒயினில் கடல் - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போர்ச்சுகல் பயணக் குறிப்பில், கொலாரெஸ் ஒயினில் கடலின் உப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கடலோரத்தில் விளைந்தால் பழத்தில் உப்பு ஏறிவிடுமா? இது வெறும் வர்ணனையா?

சு., கோவை

அன்புள்ள சு.,

அது சோம்பலில் எழுதிய வரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே ஒரு தோட்டத்தில் திராட்சை இலையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பு அது. அந்தக் கரிப்பின் நினைவோடு ஒயினைக் குடித்துவிட்டு, இலையில் இருந்ததைக் கோப்பையில் ஏற்றிவிட்டேன்.

கொலாரெஸில் கடல் செய்திருக்கும் வேலை வேறு. லிஸ்பனுக்கு மேற்கே, சிந்த்ரா மலைக்கும் அட்லாண்டிக்கிற்கும் இடைப்பட்ட சிறிய பகுதி அது. ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்கு முனையான ரோக்கா முனை பக்கத்தில்தான் இருக்கிறது. காற்றின் வேகத்துக்கு அஞ்சி, அங்கே கொடியை நிமிர்த்திக் கட்டாமல், பூசணிக்கொடி போல மணலிலேயே படரவிடுவதுதான் பழைய வழக்கம். சுற்றிலும் காய்ந்த நாணலால் தட்டி கட்டி மறைக்கிறார்கள். பழம் முற்றும் காலத்தில் சுடுமணலில் குலை வெந்துபோகாதிருக்க, சிறு குச்சிகளை முட்டுக்கொடுத்துக் கிளைகளைத் தரையிலிருந்து உயர்த்துகிறார்கள்.

அந்த மணல்தான் இவ்வூரின் தனிச்சிறப்புக்குக் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், அமெரிக்காவிலிருந்து வந்த பைலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்தபோது, மற்ற இடங்களில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித் தப்பித்தார்கள். உதிரி மணலில் அந்தப் பூச்சியால் பரவ முடியாததால், கொலாரெஸின் ரமிஸ்கோ என்னும் திராட்சைக் கொடி இன்றும் தன் சொந்த வேரிலேயே நிற்கிறது. ஆனால் மணலில் சத்து கிடையாது. அதற்கடியில் உள்ள களிமண்ணை எட்டும்வரை, சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலாக, பள்ளம் தோண்டித்தான் கொடியை நட வேண்டும். சரியும் மணலில் புதைந்துபோனாலும் மூச்சுவிடச் சற்று இடம் இருக்கட்டும் என்று, பள்ளத்தில் இறங்கியவர்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்தார்களாம். ஒயின் புட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் இதையல்லவா அச்சிட வேண்டும்!

1908இல் கொலாரெஸ் ஒயினுக்குரிய விளைநில எல்லை வகுக்கப்பட்டு, 1931இல் கூட்டுறவு ஒயின் ஆலையும் அமைந்த பிறகும், தோட்டங்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. தலைநகருக்கு இவ்வளவு அருகில், கடலைப் பார்த்த மணல்மேட்டுக்கு வீட்டுமனையாகக் கிடைக்கும் விலையை எந்தத் திராட்சையும் ஈட்டித் தராது.

சுவையைப் பற்றிக் கேட்டீர்கள். ரமிஸ்கோ சிறிய, தடித்த தோலுள்ள பழம். மூடுபனியும் குளிர்காற்றும் சேர்ந்து அதை மெதுவாகப் பழுக்கவைப்பதால் இனிப்பு குறைந்து புளிப்பு தங்கிவிடுகிறது. ஆகவே ஒயினில் ஆல்கஹால் குறைவு, துவர்ப்பு மிகுதி. இளம் ஒயின் வாயைக் கட்டிவிடும். பல ஆண்டுகள் கிடந்த பிறகே இளகும்.

குறிப்பில் அந்த வரியை நீக்கிவிட்டேன். இலையைத் தடவிப் பார்த்ததை அந்த இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

அன்புடன்.