காடில்லாத ஊரில் களப்பயிற்சி

அன்புள்ள ஐயா,

திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். காட்டுயிர் ஆய்வில் ஆர்வமுள்ள மாணவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை ஆனைமலைக்கோ முதுமலைக்கோ அழைத்துச் சென்று தங்கவைக்க நிதி இல்லை. யானையும் புலியும் இல்லாத இந்த வயல்வெளியில் எதைத்தான் கற்றுத்தருவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆனைமலைக்கு ஒருமுறை போய்வருவதைவிட, அருகிலுள்ள ஓர் ஏரிக்கு வாரந்தோறும் போவது மாணவர்களுக்கு அதிகம் கற்றுத்தரும் என்றே நினைக்கிறேன். எதைப் பார்த்தோம் என்பதோடு, எத்தனை மணி நேரம், எவ்வளவு தொலைவு நடந்து, எந்த வெளிச்சத்தில் பார்த்தோம் என்பதையும் எழுதாவிட்டால் அந்த எண்ணிக்கையை வேறெதனோடும் ஒப்பிட முடியாது. இந்தப் பழக்கம் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் படியும்.

வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன; இரண்டும் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. கரையில் இரண்டு மாணவர்களை நிறுத்தி, ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்காதபடி ஒரே நீர்க்காகக் கூட்டத்தை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே சில பறவைகள் மூழ்கியிருக்கும், சில எண்ணி முடித்த பக்கத்தில் எழும். ஆகவே இருவர் கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. அந்த வேறுபாட்டை அடித்துத் திருத்தாமல் இரண்டையும் அப்படியே பதிவு செய்ய வேண்டும். ஒன்றும் தென்படாத நாளின் பூஜ்யத்தையும் எழுத வேண்டும். மாணவர்கள் முதலில் விட்டுவிடுவது அதைத்தான். நோட்டில் பென்சிலால் எழுதட்டும், மழையில் மை கலங்கிவிடும். (பெரிய லென்ஸ் கேமராவை முதல் சில மாதங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னால் முணுமுணுப்பார்கள், சொல்லத்தான் வேண்டும்.)

அடுத்த கட்டத்துக்குக் கோடியக்கரை போதும். அங்குள்ள வெளிமான்களை நேர்கோட்டில் நடந்து கணக்கிடும் முறையில், மான் நடைபாதையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே அடிப்படை அளவு. 60 மீட்டர் தொலைவில், நடக்கும் திசைக்கு 30 பாகை கோணத்தில் ஒரு மான் தெரிந்தால், அது கோட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணக்கிடலாம். தொலைவு அளக்கும் கருவி இல்லையென்றால், கல்லூரி மைதானத்தில் டேப்பை விரித்து, கண்ணால் சொன்ன தொலைவையும் அளந்த தொலைவையும் ஒப்பிட்டுப் பழக்குங்கள். இன்னொன்று, நம்மைக் கண்டதும் மான் நகர்ந்துவிடும். ஓடிப்போய் நின்ற இடத்தைக் குறித்தால் கணக்கு பிழைபடும் என்பதால், முதலில் தென்பட்ட இடத்தைத்தான் குறிக்க வேண்டும்.

பறவைக்கு வலைவிரிப்பது, அடையாளத்துக்காக அதன் காலில் வளையமிடுவது இரண்டும் உரிமமும் நீண்ட பயிற்சியும் பெற்றவர்களின் வேலை. தொடக்க மாணவர்கள் அதில் கைவைக்க வேண்டாம். சரணாலயத்துக்குள் ஆய்வு என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். வலசைப் பறவைகளுக்கான பருவம் அக்டோபர் வாக்கில் சூடுபிடிக்கும். கடிதம் மேலே போய்த் திரும்ப நாளாகும் என்பதால், கல்லூரி திறந்ததுமே விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதி வரும்வரை கல்லூரிக்கு வெளியே உள்ள வயல் வரப்பில் மடையானையும் நத்தைக்குத்தி நாரையையும் எண்ணத் தொடங்கலாம்.

அன்புடன்.