நெல் தூற்றினால் சாயங்காலம் காய்ச்சல் வருகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 38. மன்னார்குடி பக்கம் கொள்முதல் நிலையத்தில் ஆறு வருடமாக நெல் தூற்றி மூட்டை பிடிக்கிறேன். சீசனில் பல நாள் சாயங்காலம் உடம்பு வலித்து, குளிர் காய்ச்சல் வந்து, காலையில் விட்டுவிடுகிறது. இந்த வருடம் ஒரு மாதமாக இருமலும் நெஞ்சு இறுக்கமும் இருக்கிறது. முகத்தில் துண்டு கட்டிக்கொள்கிறேன், தினமும் வெல்லம் சாப்பிடுகிறேன். இது சாதாரணச் சளிதானா?

பதில்: சளி மாதிரித் தெரியவில்லை, தம்பி. வேலை முடிந்த சில மணி நேரத்தில் வந்து ஒரு நாளுக்குள் விட்டுப்போகும் இதைத் தானியக் காய்ச்சல் என்றே சொல்வோம். மேலில் அரிக்கும் சுணை குளித்தால் போய்விடும். நுரையீரலின் அடிவரை இறங்குவது கண்ணுக்குத் தெரியாத பொடி. அதில் பூஞ்சை வித்து, பாக்டீரியா நச்சு, பூச்சித் துகள், எலிப் புழுக்கை என எல்லாம் கலந்திருக்கும். மழையில் நனைந்து முடைநாற்றம் அடிக்கும் குவியல்தான் ரொம்ப மோசம்.

காய்ச்சலைவிட உங்கள் இருமலும் நெஞ்சு இறுக்கமும்தான் எனக்குக் கவலை. இது ஆஸ்துமாவாக மாறலாம். சிலருக்கு ஒவ்வாமையால் நுரையீரலில் தழும்பு விழும். விழுந்த தழும்பு மறையாது. தானியம் சலிப்பவர்களும் அளப்பவர்களும் மூச்சு முட்டி அவதிப்படுவதை இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700லேயே எழுதிவைத்தார். இன்னும் நம் ஆட்களுக்குத் துண்டுதான் கவசம் என்பது வேதனை.

துண்டை நனைத்துக் கட்டினாலும் அந்தப் பொடி உள்ளே போகும். மூக்கோடு இறுகப் படியும் என்95 முகக்கவசம் போடுங்கள். தாடி இருந்தால் இடைவெளி விழும். மிஷின் ஓடும்போது காற்று உங்கள் முதுகுப் பக்கம் இருந்து வரட்டும். வெல்லம் வயிற்றுக்குத்தான் போகும், நுரையீரலைக் கழுவாது. பீடி இருந்தால் இன்றே விடுங்கள்.

இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்பதால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம்தான். அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் வேண்டும். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்; வேலை இல்லாத மாதத்தில் எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ சளியில் ரத்தம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மருத்துவரிடம் இருமல் என்று மட்டும் சொல்லாமல், நெல் தூற்றுகிற வேலை என்பதையும், லீவு நாளில் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.