தின்னர் தகரமும் 16 பகுதித் தாளும்

கேள்வி: கொக்குவிலில் வாகனங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் சிறிய கராஜ் நடத்துகிறேன். மூன்று இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். நிறுவனம் ஒன்றின் வேலையை எடுக்கப் போனபோது, நாங்கள் பாவிக்கும் இரசாயனங்களுக்கெல்லாம் பாதுகாப்புத் தரவுத் தாள் வேண்டும் என்றார்கள். கொழும்பு முகவர் அனுப்பிவிட்டார். எல்லாம் ஆங்கிலத்தில், ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு பக்கம். கோப்பில் போட்டு வைத்தால் போதுமா, முழுவதையும் தமிழில் எழுத வேண்டுமா?

பதில்: கோப்பு இருக்கட்டும், கேட்பவர்களுக்குக் காட்டலாம். ஸ்ப்ரே கன் பிடிப்பவருக்கு அதனால் பயனில்லை. முழுவதையும் மொழிபெயர்ப்பதும் வீண்வேலை. ஐக்கிய நாடுகள் சபையின் முறைப்படி தயாரித்த தாளில் 16 பகுதிகள் இருக்கும். எந்த நாட்டில் அச்சிட்டாலும் அந்த வரிசை மாறாது. உங்களுக்கு அன்றாடம் வேண்டியவை 2 (ஆபத்து), 4 (முதலுதவி), 5 (தீயணைப்பு), 7 (கையாளலும் சேமிப்பும்), 8 (அணிய வேண்டியவை). இவற்றை மட்டும் பொருளுக்கு ஒரு பக்கமாகத் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு, பெயின்ற் கலக்கும் மேசைக்கு மேலே தொங்கவிடுங்கள். அலுவலக அலுமாரி அதற்குரிய இடமல்ல.

எழுதத் தொடங்குமுன் தகரத்தையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பெயரையும் குறியீட்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். 'தின்னர்' (பெயின்றை இளக்கும் திரவம்) என்பது ஒரே பொருளல்ல; கம்பனிக்குக் கம்பனி கலவை மாறும். கிட்டத்தட்டப் பொருந்துகிற தாள் பொருந்தாத தாள்தான்.

நீங்கள் அதிகம் பயப்பட வேண்டியது தின்னருக்கல்ல, ஹார்டனருக்கு. பெயின்ற் இறுகுவதற்காக அதனுடன் கலந்து அடிப்பது ஹார்டனர்; அதன் தாளில் 3ஆம் பகுதியை (சேர்மானங்கள்) பாருங்கள். பெரும்பாலும் ஐசோசயனேற்று என்றிருக்கும். அது ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருவருக்கு ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை இறுக்கப் போதும். அவர் இந்தத் தொழிலையே விட வேண்டிவரலாம். மணம் வைத்துத் தப்பவும் முடியாது. மூக்குக்குத் தெரியுமுன்பே அளவு கடந்திருக்கும். கொவிட் காலத்து முகக்கவசம் தூசிக்கே அரைகுறை, ஆவிக்கு ஒன்றுமில்லை. கரி நிரப்பிய கவசம் தின்னர் ஆவியைத் தடுக்கும், அதுவும் கரி தீரும்வரைதான். தாடி வைத்தவருக்கு முகத்தோடு ஒட்டவே ஒட்டாது. ஹார்டனர் கலந்து அடிப்பதற்கு வெளியிலிருந்து சுத்தமான காற்றைத் தரும் கவசமே சரி. கொம்பிரசர் இருக்கிறதே என்று அதன் காற்றை நேரே எடுக்காதீர்கள். அதில் எண்ணெய் வரும், சுவாசக் காற்றுக்கான வடிகட்டி வேண்டும். விலைதான். அது வாங்கும்வரை ஹார்டனர் சேராத வேலைகளை மட்டும் எடுங்கள் என்றே சொல்வேன். அடித்து முடிந்த பின்னும் நுண்துளிகள் காற்றில் நிற்கும். உள்ளே வைத்துக் கவசத்தைக் கழற்றக் கூடாது.

தின்னருக்கு 9ஆம் பகுதியில் ஓர் எண்ணைத் தேடுங்கள்: ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை (ஆங்கிலத் தாளில் flash point). பல தின்னர்களில் கலக்கும் தொலுயீனுக்கு அது ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ். யாழ்ப்பாணத்து வெயிலில் மூடி திறந்த தகரம் எந்நேரமும் தீக்குத் தயார். ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறை வெல்டிங்குக்கோ தேநீர் அடுப்புக்கோ போய்ச் சேரும். ஆகவே கதவின் மேற்பாதி திறந்திருப்பது மட்டும் போதாது; கீழே காற்று ஓட வேண்டும்.

அடுத்து, நெல்லிரசப் போத்தல். பெரிய தகரத்திலிருந்து தின்னரைச் சோடாப் போத்தலிலோ நெல்லிரசப் போத்தலிலோ ஊற்றி வைப்பதை இன்றே நிறுத்துங்கள். தாகத்தில் வருகிறவர் லேபிள் தேடமாட்டார். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரவம் நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து, தகரத்தின் படத்தையும் தாளையும் போதனா வைத்தியசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கே ஆங்கிலத் தாளே உதவும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும்.

கழித்த தின்னரை வளவில் ஊற்றுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: நம் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், வெடிப்புகள் வழியே எதுவும் கிணற்றுக்கு இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை ஊருக்கே தெரியும். மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, பெயர் எழுதி, 13ஆம் பகுதி (கழிவகற்றல்) சொல்வதை முகவரிடமே கேளுங்கள். திருப்பி எடுப்பார்களா என்பதையும் அடுத்த கட்டளை கொடுக்குமுன் பேசிக்கொள்ளுங்கள்.