வாசகர் கேள்வி: வீதிக்கு வந்தவர்களும் வராதவர்களும்

கேள்வி: ஆர்ப்பாட்டக்காரரின் அரசியல் நிலைப்பாடுதான் பொதுமக்களின் நிலைப்பாடும் என்று கொள்ளலாமா? 2022 ஆம் ஆண்டுப் போராட்டத்தில் எங்கள் ஊர்த் தமிழரில் பெரும்பாலானோர் இறங்கவில்லை. அப்படியானால் அதற்கு நாங்கள் உடன்படவில்லை என்பது பொருளா?
– வாசகர் ஒருவர், உப்புவெளி, திருகோணமலை.

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம்: இல்லை. போராட்டம் பதவி விலகக் கோரிய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ வேண்டாம் என்பதை உங்கள் மாவட்டம் 2019 நவம்பரிலேயே வாக்குச்சீட்டில் சொல்லிவிட்டது. நாடளாவிய ரீதியில் 52 வீதத்துக்கு மேல் பெற்று அவர் வென்ற அத்தேர்தலில், திருகோணமலையில் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சஜித் பிரேமதாசவே பெரும் வித்தியாசத்தில் முன்னின்றார். மறுபுறம், 2022 ஏப்ரல் 9 முதல் கொழும்பு காலிமுகத்திடலில் கூடியவர்களுள் கோட்டாபயவுக்கே வாக்களித்திருந்தவர்களும் இருந்தார்கள்.

மண்ணெண்ணெய்க்குக் கானுடன் வரிசையில் நின்ற மீனவருக்கு இருந்த கோபம் கொழும்பில் கூடாரம் அடித்தவரின் கோபத்துக்குக் குறைந்ததன்று. ஆயினும், கூட்டத்தில் எடுக்கப்படும் ஒரு படம் பின்னர் விசாரணையாக வீட்டு வாசலுக்கு வரக்கூடும் என்று அறிந்த சமூகம், வீதிக்கு இறங்குமுன் பலமுறை யோசிக்கும். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 முதல் வடக்கு கிழக்கில் தெருவோரம் அமர்ந்திருந்தபோது தெற்கிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்ற மனத்தாங்கலும் இருந்தது. அது நியாயமானது என்றே கருதுகிறேன். (பிரதமர் பதவியிலிருந்து விலகிய மஹிந்த ராஜபக்ஷ உங்கள் கடற்படைத் தளத்தில் தஞ்சமடைந்தபோது அதன் வாசலில் கூட்டம் திரண்டதையும் மறப்பதற்கில்லை.)

இனி முதற் கேள்வி. ஆர்ப்பாட்டக்காரரின் குறையும் அவர்கள் கூறும் தீர்வும் வெவ்வேறானவை. எரிவாயு, பெற்றோல், பால்மா ஆகியவற்றின் தட்டுப்பாடு எல்லோருக்கும் பொதுவான குறை. ஆனால் போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற சிலர் முன்வைத்த, மக்களே நேரடியாக ஆட்சியில் பங்குகொள்ளும் மக்கள் சபை போன்ற தீர்வுகளை நாடு அப்படியே ஏற்கவில்லை. அந்த முன்வரிசையிலிருந்து 2024 இல் ஜனாதிபதித் தேர்தலுக்கு வந்த நுவன் போபகேவினால் ஒரு வீத வாக்கைக்கூட எட்ட முடியவில்லை. பிரான்சிலும் இதுவே நடந்தது: 1968 மே மாதம் மாணவரும் தொழிலாளரும் நாட்டையே நிறுத்தினார்கள், ஜூன் மாதத் தேர்தலில் அவர்கள் எதிர்த்த ஜனாதிபதி த கோலின் அணியே பெருவெற்றி பெற்றது.

அதேவேளை, 2019 இல் 3.16 வீதம் மட்டுமே பெற்ற அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் 42.31 வீதம் பெற்று முன்னிலைக்கு வந்தமைக்கு 2022 இன் கோபமும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அப்போதும் உங்கள் மாவட்டத்தில் முன்னின்றவர் சஜித். ஆனால் நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அங்குள்ள நான்கு ஆசனங்களில் இரண்டை அநுரவின் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. இரண்டு மாதத்துக்குள் திருகோணமலை மக்களின் கொள்கை மாறிவிட்டதாக நான் நம்பவில்லை. ஆட்சிக்கு வந்துவிட்ட தரப்பில் தமக்கும் ஆள் இருக்கட்டும் என்று பலர் எண்ணியிருக்க வேண்டும்.