பூமி சூரியனை நெருங்குவதால்தான் கோடை வருகிறதா? சம இரவு நாளும் கதிர்த்திருப்பமும் எப்படி ஏற்படுகின்றன?

நெருங்குவதால் இல்லை. பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிப் பனிக்குக் காதை மூடிக்கொண்டு திரியும்போது. அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். வெயில் கொளுத்தி முடித்த ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி. காரணம் பூமியின் அச்சு சாய்ந்திருப்பது.

பள்ளியில் இதை எழுதி மார்க் வாங்கினேன். புரிந்தது தண்டையார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில், ஆயாவின் ஊறுகாய் ஜாடியைப் பார்த்து. தை மாசியில் ஜாடி தண்ணீர்த் தொட்டிக்குத் தெற்கே இருக்கும். சித்திரை பத்து தேதி தாண்டியதும் வடக்குப் பக்கம் மாற்றிவிடுவார். "வெயிலு வடக்கால போய்டுச்சுடா" என்பார். பிளஸ் டூ திமிரில் நான் சிரித்தேன். ஒரு ஜூன் மத்தியானம் மேலே போய்ப் பார்த்தால், துணிக்கொடிக் கம்பத்தின் நிழல் ஒரு ஜாண் நீளத்துக்குத் தெற்கே விழுந்து கிடந்தது.

ஒரு எலுமிச்சம்பழத்தில் ஈர்க்குச்சி குத்திச் சாய்த்துப் பிடித்து, நடுவில் விளக்கை வைத்துச் சுற்றி வாருங்கள். குச்சி எப்போதும் ஒரே சுவர்ப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நம்மோடு சேர்த்து அதையும் திருப்பிவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. பூமியின் அச்சும் இப்படித்தான், 23.4 டிகிரி சாய்ந்து வருஷம் முழுக்கத் துருவ நட்சத்திரத்தையே பார்க்கிறது. சுற்றும்போது ஓரிடத்தில் குச்சியின் மேல்முனை விளக்கின் பக்கம் சாயும். வடபாதிக்கு வெயில் நேராக விழும். அது ஜூன் 21 வாக்கில் வரும் கோடைக் கதிர்த்திருப்பம், அதாவது வடக்கே போன சூரியன் திரும்பும் நாள். எதிர்ப்பக்கம் போனால் முனை விளக்கைவிட்டு விலகிச் சாயும், டிசம்பர் 21 வாக்கில். இடையில் இரண்டு இடங்களில் எந்த முனையும் விளக்கின் பக்கம் சாயாது. மார்ச் 20, செப்டம்பர் 22 ஒட்டிய சம இரவு நாட்கள் அவை, பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும். அன்று சூரியன் நேர் கிழக்கே உதிக்கும். காசிமேட்டுக் கடற்கரையில் நின்றால் ஜூனில் எண்ணூர்ப் பக்கமும் டிசம்பரில் ஹார்பர் பக்கமும் 24 டிகிரி தள்ளி எழும்.

நம்ம சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கில் இருப்பதால் பகல் நீளம் பெரிதாக மாறாது. டிசம்பருக்கும் ஜூனுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம், அவ்வளவுதான். ஆனால் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை சூரியன் காலை முதல் மாலை வரை நமக்கு வடக்கேதான் போகும். தொட்டியின் தெற்குச் சுவரில் அந்த மாதங்களில் வெயிலே படாது. ஆயா சொன்னது இதைத்தான்.

உத்தராயணம் பொங்கலன்றுதானே என்று சிலர் கேட்பார்கள். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. பூமியின் அச்சு ஏறக்குறைய 26,000 வருஷத்துக்கு ஒரு சுற்று மெல்லத் தள்ளாடுகிறது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரத்தை வைத்துக் கணக்கிடுவதால், பொங்கல் அந்த டிசம்பர்த் திருப்பத்தைவிட்டு சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் என்று விலகி இப்போது மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி.

சந்தேகம் இருந்தால் ஏப்ரல் 24 பகல் 12.07க்கு சென்னையில் மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். நிழல் அடிக்குள் ஒளிந்துகொள்ளும். மேகம் மூடிவிட்டால் ஆகஸ்ட் 18 வரை பொறுக்க வேண்டும், அன்று 12.13க்கு.