எதைக் கேட்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம். நான் காரைக்குடிக்காரன், சென்னையில் வேலை பார்க்கிறேன். தேவகோட்டையில் பெண் பேசி முடித்து, வரும் தையில் திருமணம் வைத்திருக்கிறார்கள். போன மாதம் பிள்ளையார்பட்டிக்குப் போய்த் திரும்பும் வழியில், கல்லூரியில் உடன் படித்த ஒருவரை இரண்டு ஆண்டுகள் விரும்பியதாகவும் அது முறிந்து வெகுகாலம் ஆகிவிட்டதாகவும் அந்தப் பெண்ணே என்னிடம் சொன்னார். "பரவாயில்லை" என்று உடனே சொல்லிவிட்டேன். அன்று முதல் தூக்கம் இல்லை. அவருடைய பழைய இன்ஸ்டாகிராம் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, பக்கத்தில் நிற்பவன் அவனாக இருக்குமோ என்று இரவெல்லாம் தேடுகிறேன். நானும் ஒரு பெண்ணை மனத்துக்குள் விரும்பியவன்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. நடந்ததையெல்லாம் விவரமாகக் கேட்டுவிட்டால் மனம் அடங்குமா? ஆத்தாவிடம் சொல்லலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, விவரம் கேட்பதால் மனம் அடங்காது. படத்தில் நிற்பவன் அவனில்லை என்று தெரிந்ததும் வரும் நிம்மதி சிறிது நேரமே நிற்கிறது; அதற்குள் அடுத்த படமும் அடுத்த சந்தேகமும் வந்துவிடுகின்றன. இப்படித் தேடித் தேடிப் பெறும் ஆறுதல், மீண்டும் தேடும் பழக்கத்தைத்தான் வளர்க்கும் என்பது மனநல மருத்துவர்கள் நன்கு அறிந்த செய்தி. படுக்கும் முன் கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். பார்க்க வேண்டும் என்ற தவிப்பு எழும்போது அதற்கு இணங்காமல் பொறுத்திருந்தால், அது உச்சத்துக்குப் போய்த் தானாகவே தணிவதைக் காண்பீர்கள்.

நீங்கள் கேட்டறிய உரிமையுள்ள செய்திகளும் உண்டு. அந்த உறவு முற்றிலும் முடிந்துவிட்டதா, அந்த மனிதரால் இப்போது மிரட்டலோ தொந்தரவோ இருக்கிறதா, வீட்டார் வற்புறுத்தலுக்காக அல்லாமல் மனமார இசைந்துதான் உங்களை மணக்கிறாரா என்பவை உங்கள் இருவரின் வருங்காலத்தைத் தொடுபவை. ஒருமுறை நேராகக் கேட்டு, கிடைக்கும் பதிலை நம்புங்கள். எங்கே சந்தித்தார்கள், என்ன பேசினார்கள், அவனை எவ்வளவு விரும்பினார் என்பவை அப்படிப்பட்டவை அல்ல. வயது, உயிரோடிருக்கும் வேறு துணை இல்லாமை, தெளிந்த மனத்தோடு தரும் இசைவு, விலக்கப்பட்ட உறவுமுறை ஆகியவற்றையே 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் திருமணத்துக்கான நிபந்தனைகளில் பார்க்கிறது. முடிந்துபோன காதலுக்கு அதில் இடமில்லை.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. சம்பந்தம் பேசும்போது நம் நகரத்தார் சமூகத்தின் ஒன்பது குலக்கோயில்களில் எந்தக் கோயில், அதில் எந்தப் பிரிவு என்று துருவி விசாரிக்கிறோம். வேவு இறக்கும் திருமணச் சடங்கு வரை ஒன்றுவிடாமல் பேசுகிறோம். பெண்ணும் மாப்பிள்ளையும் மனம்விட்டுப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரும் வீடுகள் மிகக் குறைவு. பெரியவர்கள் அமைத்துத் தராத அந்த நேரத்தைத் தானே தேடி எடுத்துக்கொண்டு, மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காத ஒன்றை, திருமணத்துக்கு முன்பே அந்தப் பெண் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் மன்னித்தருள வேண்டிய குற்றம் எதுவும் அதில் இல்லை. உங்களைச் சந்திப்பதற்கு முன் அவர் ஒருவரை விரும்பினார். நீங்களும் ஒருவரை விரும்பினீர்கள். அவர் வாய்விட்டுச் சொன்னார் என்பதற்காக அவர் மட்டும் கூண்டில் நிற்பது எந்த நியாயம்?

எனவே அவரிடமே போங்கள். அன்று அவசரத்தில் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டதையும், அதன் பிறகு உங்கள் மனம் தடுமாறுவதையும், அதில் அவர் தவறு ஏதும் இல்லை என்பதையும், சிறிது காலம் தேவைப்படுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் கதையையும் சொல்லுங்கள். இதைச் சொல்வது அவருக்கு வருத்தம் தரலாம். ஆனால் காரணம் தெரியாமல் உங்கள் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு அதைவிடக் கொடுமை.

ஆத்தாவிடம் சொல்ல வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் காதில் போட்ட செய்தியை உங்களால் திரும்ப எடுக்க முடியாது. திருமணமாகி நீங்கள் இருவரும் கோயில் கணக்கில் ஒரு குடும்பமாக, அதாவது ஒரு புள்ளியாகி, பிள்ளைகளும் பிறந்த பிறகு, ஏதோ ஒரு விசேஷ வீட்டு மனத்தாங்கலில், பந்திக்கு உட்கார்ந்திருக்கும் பங்காளிகள் முன்னால் அது வெளியே வரலாம். அன்று தலைகுனிந்து நிற்கப்போவது நீங்கள் அல்ல, அந்தப் பெண்.

தூக்கமின்மை தொடர்ந்தால் தயங்காமல் உதவி நாடுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் மனநலச் சேவையை இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அதன் பிறகும் அவரோடு நிம்மதியாக வாழ முடியாது என்று உங்களுக்கு உறுதியாகத் தோன்றினால், திருமண ஒப்பந்தமான இசைகுடிமானம் எழுதும் நாள்வரை இழுக்காமல், தரகர் மூலமாகவோ உறவினர் மூலமாகவோ அல்லாமல், நீங்களே அவரிடம் நேரில் சொல்லுங்கள். இரு வீட்டாரிடமும் உங்கள் மனம் இன்னும் திருமணத்துக்குத் தயாராகவில்லை என்பதை மட்டுமே காரணமாகச் சொல்லுங்கள். உங்களை நம்பி அவர் சொன்ன எதுவும் அந்தப் பேச்சில் வரக்கூடாது.