வாசகர் கேள்வி – பதில்: ஒரு கிடாயும் ஓர் எண்ணும்

கேள்வி: என் மகள் பிலடெல்பியாவில் வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் அங்கே போகிறேன். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தொல்லியல், மானுடவியல் அருங்காட்சியகத்தைப் பார்க்க அரை நாள்தான் கிடைக்கும். பதினொரு வயதுப் பேத்தியும் உடன் வருகிறாள். பத்து லட்சம் பொருள்கள் இருக்கின்றனவாமே, எதைப் பார்ப்பது?

பதில்: பத்து லட்சத்தை நினைத்து மலைக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி கிடங்கில் இருக்கிறது. 1887-இல் தொடங்கிய இடம் அது; காட்சிக்கு வைப்பது அதற்குப் பாதி வேலை, திரும்பத் திரும்ப எடுத்து ஆராய்வது மீதிப் பாதி. அரை நாளுக்கு ஒரே ஒரு கூடம் போதும். மத்திய கிழக்குக் கூடத்துக்குப் போங்கள்.

நான் இருபத்தாறு வருடம் ஓர் அருங்காட்சியகத்தில் பதிவேடு எழுதியவள். எந்தப் பொருளுக்கு முன்னால் நின்றாலும் அதன் பதிவு எண்ணைத்தான் என் கண் முதலில் தேடும். அந்தக் கூடத்தில் ஓர் ஆடு நிற்கிறது. முகமும் கால்களும் தங்கத் தகடு, கொம்பு நீல லாபிஸ் கல், உடம்பு ரோமம் சிப்பித் துண்டுகள். பூத்த செடி ஒன்றின் மேல் முன்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும். அதன் எண் 30-12-702. முதல் 30 என்பது 1930-ஆம் ஆண்டு. 12 என்பது அந்த ஆண்டில் பதிவான தொகுதியின் வரிசை. 702 அந்தத் தொகுதியில் இந்த ஆட்டின் இடம். இதைப் பேத்திக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியிலும் அவளே படித்து, "பாட்டி, இது எந்த வருஷம் வந்தது தெரியுமா?" என்று உங்களைக் கேட்பாள். எண் எழுத்தில் தொடங்கினால் அது பழைய பதிவு முறை.

ஈராக்கில் உள்ள 'ஊர்' (Ur) என்ற பழைய நகரத்தில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை தோண்டினார். பிரிட்டிஷ் மியூசியமும் இந்தப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய அகழாய்வு அது. ஆடு கிடைத்தபோது உள்ளிருந்த மரம் மக்கிப்போய், மண் பாரத்தில் தட்டையாக நசுங்கிக் கிடந்தது. மெழுகு ஊற்றித் துண்டுகள் உதிராமல் பிடித்து, மெல்ல மெல்ல வடிவத்துக்குக் கொண்டு வந்தார்கள். பைபிள் கதையை நினைத்து 'புதரில் சிக்கிய செம்மறிக் கிடா' என்று வூலி பெயர் வைத்துவிட்டார். உண்மையில் அது வெள்ளாட்டுக் கிடா. இதன் ஜோடி லண்டனில் இருக்கிறது.

அது கிடந்தது அரச இடுகாட்டின் ஒரு குழியில். இறந்துபோன அரச குடும்பத்தவரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட 74 பேரின் எலும்புகள் அதில் இருந்தன. அவர்களில் 68 பேர் பெண்கள். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அவர்கள் தாங்களாகவே நஞ்சு குடித்து அமைதியாகப் படுத்துக்கொண்டார்கள் என்று வூலி எழுதினார். பல பத்தாண்டுகள் எல்லோரும் அப்படித்தான் படித்தோம். பிறகு அந்த இடுகாட்டிலிருந்து வந்த இரண்டு மண்டையோடுகளை, ஒன்று பெண், ஒன்று படைவீரன், இந்தப் பல்கலைக்கழகத்திலேயே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் கூர்மையான எதனாலோ அடித்த ஓட்டை. அந்த ஆய்வு 2011-இல் வெளியானது. ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் எண்பது வருடம் கழித்தும் அதைக் கேள்வி கேட்க முடியும். அந்தப் பெண் கடைசியில் தன் உண்மையைச் சொல்லிவிட்டாள் என்றே எனக்குத் தோன்றியது. அங்கே வெகுநேரம் நின்றேன். பேத்தியிடம் எந்த அளவுக்குச் சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதே இடுகாட்டில் புதைக்கப்பட்ட அரசி புவாபியின் தலை அணியும் மணிகளும் இந்தக் கூடத்தில் உண்டு. கூட்டம் அதைச் சுற்றித்தான் நிற்கும், காத்திருந்து பாருங்கள். நுழைவுக் கூடத்தில் எகிப்து அரசர் இரண்டாம் ராம்செஸின் பெரிய ஸ்பிங்ஸ் சிலை, அதாவது சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட சிலை, இருக்கிறது. முகம் தேய்ந்து, உடம்பில் உள்ள எழுத்துகள் மட்டும் புதிதாக இருப்பதைக் கவனியுங்கள். தோள் வரை மணலில் புதைந்திருந்ததால் காற்று தின்றது தலையை மட்டும்.

கேள்வி: அங்கே மனித மண்டையோடுகளை வைத்திருப்பதாகச் செய்தி படித்தேன். அப்படிப்பட்ட இடத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பதில்: அழைத்துப் போகலாம். மூடப்படாத மனித உடல் எச்சங்களைக் காட்சிக்கு வைப்பதில்லை என்று 2023-இல் அவர்களே முடிவெடுத்தார்கள்.

ஆனால் நீங்கள் படித்த செய்தி உண்மைதான். 1830-களிலும் 40-களிலும் சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டன் என்ற பிலடெல்பியா மருத்துவர் நூற்றுக்கணக்கான மண்டையோடுகளைச் சேர்த்தார். முதலில் விதைகளையும் பிறகு ஈயக் குண்டுகளையும் உள்ளே கொட்டி அளந்து, வெள்ளையரே உயர்ந்தவர் என்று நிறுவப் பார்த்தார். யாரிடமும் அனுமதி கேட்டு எடுத்தவை அல்ல. அந்தச் சேகரிப்பு பின்னாளில் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. 2021-இல் மன்னிப்புக் கேட்டார்கள். 2024-இல் பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் 19 பேரின் மண்டையோடுகளை ஈடன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மிகவும் தாமதம். என் வேலையில் எத்தனையோ பொருள்களுக்கு எண் போட்டிருக்கிறேன். ஒரு மனிதரின் தலைமேல் எண் எழுதுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கேள்வி: வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருப்பவை எல்லாம் திருடிப் போனவைதானே?

பதில்: எல்லாம் அல்ல. ஒவ்வொன்றாகத்தான் கேட்க வேண்டும். அந்த வெள்ளாட்டுக் கிடா வந்தது ஈராக்கின் 1924-ஆம் ஆண்டுச் சட்டப்படி: தோண்டியதில் ஒரு பங்கு பாக்தாதுக்கு, மீதி தோண்டியவர்களுக்கு. சட்டம்தான், ஆனால் அப்போது நாடு பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அதே கட்டடத்தில் சீனப் பேரரசர் டாய்சோங்கின் கல்லறையில் இருந்த ஆறு குதிரைச் சிற்பங்களில் இரண்டு உண்டு. அவை வணிகர் வழியாக வந்தவை. மற்ற நான்கும் சீனாவின் சியான் நகரில் இருக்கின்றன. அந்த இரண்டின் முன் எனக்கு மனம் ஒப்பவில்லை. 1970 ஏப்ரலில், பண்பாட்டுப் பொருள்களின் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தத்துக்குச் சில மாதங்கள் முன்பே, எங்கிருந்து எப்படி வந்தது என்ற தாள் இல்லாத எதையும் வாங்க மாட்டோம் என்று இவர்கள் அறிவித்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிலடெல்பியா போகும் வாசகிக்கும் இதில் ஒரு வார்த்தை. அதே நகரின் கலை அருங்காட்சியகத்தில், மதுரை மதனகோபால சுவாமி கோயிலின் தூண் மண்டபம் ஒன்று நிற்கிறது. 1912-இல் அடலைன் பெப்பர் கிப்சன் என்ற பெண்மணி மதுரையில் அந்தக் கற்களை வாங்கினார். 1919-இல் அவர் குடும்பம் நன்கொடையாகக் கொடுத்தது. பேத்தியை அங்கேயும் கூட்டிப் போங்கள். தூணின் அருகில் உள்ள விளக்கத்தை அவள் தேடிப் படிக்கட்டும்.